கதவுக்கும் கதவுக்கும் நடுவில்: ஒபர்வில்லியேயில் எச்.ஐ.வி. பராமரிப்பு

பாரிஸ் தமிழர்களுக்கு லாச்சப்பல் கடைத்தெரு, குடியிருப்பு வேறிடம். புடவைக்கடையும் நகைக்கடையும் முருங்கைக்காய் விற்கும் மரக்கறிக்கடையும் ஃபோபூர் சான் தெனி வீதியில் இருக்க, கட்டுப்படியாகும் வாடகை அறைகள் வடக்கே 93ஆம் மாவட்டமான சென் சான் தெனியில் இருக்கின்றன. கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். பி தொடருந்தில் ஏறினால் இரண்டாவது தரிப்பு லா கூர்நேவ் – ஒபர்வில்லியே. 2022 மே மாத இறுதியிலிருந்து 12ஆம் இலக்க மெட்ரோவும் ஒபர்வில்லியே நகரசபை வாசல் வரை வருகிறது.

எச்.ஐ.வி. பராமரிப்புக்கு வேண்டியவை எல்லாம் இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒபர்வில்லியேயில் நகரசபை நடத்தும் டொக்டர் பெஸ்கே சுகாதார நிலையம் உண்டு. பொபினியில் அவிசென் ஆஸ்பத்திரி, லாச்சப்பலுக்குப் பக்கத்தில் லாரிபுவாசியேர். 2022 ஜனவரியிலிருந்து காப்புறுதி உள்ள எவரும் எந்த ஆய்வுகூடத்திலும் வைத்தியரின் துண்டு இல்லாமல், காசு கொடுக்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாம். காப்புறுதி இல்லாதவர்களுக்கு 'செஜிட்' எனப்படும் இலவச நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. தொற்று உறுதியானால் நீண்டகால நோய்ப் பட்டியலில் 7ஆம் இலக்கமாக அது பதிவாகும். சிகிச்சைச் செலவை முழுவதுமாக அரச காப்புறுதி ஏற்கும்.

இவ்வளவும் இருந்தும் பிரான்சில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொற்றுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை பிந்திய கட்டத்தில்தான் தெரியவருகின்றன. வைரஸ் வந்து பல வருடங்கள் ஆகி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி பாதி கரைந்த பிறகு. புதிதாகத் தொற்று கண்டறியப்படுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆகவே ஒரு சிறு சுகாதார நிலையம் எச்.ஐ.வி. திட்டம் ஒன்றைத் தொடங்கும்போது முதலில் பரிசோதனைப் பெட்டிகளுக்கு ஓடர் கொடுக்கக் கூடாது. ஆட்கள் எங்கே தொலைகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கதவுகளுக்கு நடுவில் தொலைகிறார்கள்: விரலில் குத்திய அறையின் கதவுக்கும் மருந்து எழுதும் அறையின் கதவுக்கும் நடுவில். இந்த அத்தியாயம் அந்த இடைவெளியைப் பற்றியது.

எங்கள் ஆட்களுக்கு இது இல்லை

ஈழத்தமிழர்களிடம் இந்த வசனத்தைக் கேட்காத சுகாதாரப் பணியாளர் இருக்க மாட்டார். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. இலங்கையில் முதல் தொற்று 1987இல் பதிவானது. அதன் பிறகும் நாட்டில் பரவல் மிகக் குறைவாகவே இருந்துவருகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. நோயாளியும் இதைப் பற்றி நினைப்பதில்லை, நோயாளியின் நாட்டைப் பார்த்து வைத்தியரும் நினைப்பதில்லை. ஆறு மாதமாக வயிற்றோட்டம், இறங்கிக்கொண்டே போகும் நிறை, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் என்று ஒருவர் மூன்று வைத்தியர்களிடம் போய், மூவரிடமும் விற்றமின் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது இப்படித்தான்.

பிறந்த நாட்டை வைத்துக் கணக்குப் போடுவது எவ்வளவு தவறு என்பதை 2012–13இல் பாரிஸ் பகுதியில் நடந்த 'பார்கூர்' ஆய்வு காட்டியது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் வாழ்க்கைக் கதையை வருடம் வருடமாக எழுதிப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல், ஒருவேளை பாதிப் பேருக்கு, தொற்று பிரான்சுக்கு வந்த பிறகே ஏற்பட்டிருந்தது. நிரந்தர வதிவிடம் இல்லாமல், தெரிந்தவர்களின் அறைகளில் மாறி மாறிப் படுத்த முதல் வருடங்களே ஆபத்தான காலமாக இருந்தன. 'பப்பியே', அதாவது வதிவிடப் பத்திரம், இல்லாமல் அலைந்த காலம் என்று சொன்னால் லாச்சப்பலில் எவருக்கும் விளங்கும்.

அதே பகுதியில் 2018இல் தொடங்கிய 'மக்காசி' திட்டம் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே புறப்பட்டது. அஃப்ரிக் அவெனிர், ஆர்க்கா ஆகிய அமைப்புகளின் ஆட்கள் பொது இடங்களில் வாகனத்தை நிறுத்தி, விரைவுப் பரிசோதனையோடு வீடு, விசா, காப்புறுதி, வேலை என்று எல்லாவற்றையும் பற்றி ஒரே இருக்கையில் கதைத்தார்கள். வந்தவருக்கு உடனடித் தலையிடி எது என்று கேட்டு, அதற்கு எங்கே போவது என்று வழிகாட்டி அனுப்பினார்கள். தமிழர்கள் வரும் நிலையம் ஒன்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வாகனத்தை அல்ல, கேள்வி கேட்ட வரிசையை.

சீனியோடு சேர்த்து

'எச்.ஐ.வி. பரிசோதனை நாள்' என்று தமிழில் சுவரொட்டி அடித்து ஒட்டினால் தமிழர் ஒருவரும் வர மாட்டார்கள். வருபவரை எதிர்க்கடைக்காரர் பார்ப்பார். சலரோகப் பரிசோதனை என்றால் குடும்பத்தோடு வருவார்கள். தெற்காசியர்களுக்குச் சலரோகம் இளவயதிலேயே, பருமன் இல்லாத உடம்பிலும் வருகிறது; அது எல்லோருக்கும் தெரிந்த, வெட்கமில்லாத நோய். விரலில் குத்திச் சீனி பார்ப்பது அம்மாவும் மாமாவும் வீட்டிலேயே செய்கிற வேலை. எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனைக்கும் அதே ஊசிக்குத்துத்தான், அதே ஒரு சொட்டு இரத்தம்தான். ஆகவே இரண்டையும், முடிந்தால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும், ஒரே மேசையில் வைத்துவிடுவது நல்லது.

ஆனால் சொல்லாமல் செய்யக் கூடாது. எச்.ஐ.வி. பார்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் பார்க்க வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் காரியம் இருக்கிறது. தாதி இப்படிக் கேட்கலாம்: "அண்ணை, விரல்ல ரத்தம் எடுக்கிறம்தானே, சீனியோட எச்.ஐ.வி.யும் பாப்பம். இஞ்ச வாற எல்லாரிட்டையும் கேக்கிறனாங்கள். வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, பிரச்சினை இல்லை." 'எல்லாரிட்டையும்' என்ற சொல் விட்டுப்போகக் கூடாது. அது இல்லாவிட்டால், தன் முகத்தில் எதையோ கண்டுதான் கேட்கிறார்கள் என்று எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

பெண்களுக்கு வேறொரு சிக்கல். கணவர் கூடவே வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். நிறை பார்க்க, சிறுநீர் எடுக்க என்று ஏதாவது ஒரு காரணத்தில் ஐந்து நிமிடம் பெண்ணைத் தனியே சந்திப்பதை நிலையத்தின் வழக்கமாக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் வழக்கம் என்றால் கணவருக்கும் சந்தேகம் வராது. கர்ப்பிணிகளிடம் முதல் சந்திப்பிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாமா என்று கேட்க வேண்டும் என்பது 1993 முதல் பிரான்சில் சட்டம். எனவே பல தமிழ்ப் பெண்கள் கணவருக்கு முன்பே ஒரு தடவையாவது பரிசோதிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியாது.

விரைவுப் பரிசோதனை கடைசி மூன்று மாதத்தில் வந்த தொற்றைத் தவறவிடலாம். ஆய்வுகூடத்தில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு ஆறு வாரம் போதும். போன கிழமைதான் பயப்படும்படி ஏதும் நடந்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு எந்தப் பரிசோதனையும் உடனே பதில் தராது. நடந்து 48 மணித்தியாலத்துக்குள் என்றால் அவரை அந்த நிமிடமே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 28 நாள் தடுப்பு மருந்து அங்கே தொடங்கப்படும். வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் இந்த 48 மணி தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு 'றாந்தேவு' எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும்.

யார் மொழிபெயர்ப்பது?

மருமகனைக் கூட்டிவந்து மொழிபெயர்க்கச் சொல்வது பாரிஸ் தமிழரின் வழக்கம். பல்லுவலிக்கு அது சரி. பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயால் தகப்பனுக்கு எச்.ஐ.வி. முடிவைச் சொல்லவைப்பது கொடுமை.

தமிழ் தெரிந்த பணியாளரை வேலைக்கு எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நிலையங்கள் நினைக்கின்றன. பாதி தீரும். மறுபாதி புதிதாக முளைக்கும். பாரிஸ் தமிழ்ச் சமூகத்தில் நீங்கள் எந்த ஊர் என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு பேரின் சொந்தக்காரர்களும் வந்துவிடுவார்கள். தன் ஊர்ப் பெண் ஒருவர் நிலையத்தில் இருப்பதைக் கண்டதும் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் இருப்பார்கள். ஆகவே நோயாளியிடமே கேட்க வேண்டும்: எங்கள் தமிழ்ப் பணியாளரா, தொலைபேசியில் முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரா? 1970இல் தொடங்கிய ஐ.எஸ்.எம். போன்ற அமைப்புகள் தொலைபேசி வழியாக இந்தச் சேவையைத் தருகின்றன. தொலைபேசியில் நோயாளியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 1979 முதல் அகதிகளின் சுகாதாரத்துக்காக இயங்கும் கொமேட் அமைப்பு, பிரெஞ்சும் தாய்மொழியும் பக்கத்துக்குப் பக்கம் வரும் சுகாதாரக் கைந்நூலைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. வைத்தியர் பிரெஞ்சுப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்ட, நோயாளி எதிர்ப்பக்கத்தில் தமிழில் வாசிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஆபத்தில்லை, அதில் எல்லா நோயும் இருக்கிறது.

இரகசியம் காப்போம் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். சட்டத்தைச் சொன்னால் நம்புவார்கள். மருத்துவ இரகசியத்தை வெளியிடுபவருக்குப் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 226-13ஆம் பிரிவின்படி ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் விதிக்கலாம். வரவேற்பு மேசையில் இருப்பவரையும் மொழிபெயர்ப்பாளரையும் அது கட்டுப்படுத்தும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் காத்திருப்பு அறையில் மாட்டலாம்.

அதே காத்திருப்பு அறையில் முழுப் பெயரையும் உரக்கக் கூப்பிட்டால் அந்தக் காகிதத்தால் பிரயோசனம் இல்லை. இலக்கம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். தபாலில் கடிதம் போடலாமா, குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில் தபாலைப் பிரிப்பவர் யாரென்று யாருக்குத் தெரியும்?

ட்ராம் வண்டி வரை

பிரான்சில் எச்.ஐ.வி. மருந்தை முதலில் தொடங்குவது வழக்கமாக ஆஸ்பத்திரி. தொடர்ந்து எழுதிக் கொடுப்பதை நகரத்து வைத்தியர் செய்யலாம். ஆகவே ஒபர்வில்லியே நிலையத்தில் முடிவு தெரிந்த ஆள் பொபினிக்குப் போயாக வேண்டும். வரைபடத்தில் அது ஒன்றுமில்லை: ஃபோர் தொபர்வில்லியேயில் 7ஆம் இலக்க மெட்ரோ, ஒரே தரிப்பு, லா கூர்நேவில் இறங்கி ட்ராம் 1, 'ஒப்பித்தால் அவிசென்' நிறுத்தம். முடிவைக் கேட்டுக் கால் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு, பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவருக்கு, மூன்று கிழமை கழித்துக் காலை 9 மணிக்கு என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்பினால் அவர் போகமாட்டார்.

நோய் உறுதியான ஏழு நாளுக்குள், ஆள் ஆயத்தமாக இருந்தால் அதே நாளில், மருந்தைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொல்லிவிட்டது. அதை நடைமுறையாக்க நிலையத்துக்குத் தேவையானது ஆஸ்பத்திரியில் ஒரு தாதியின் நேரடித் தொலைபேசி இலக்கமும், கூடவே ட்ராமில் ஏறிப்போக ஒரு ஆளும். இந்த ஆளுக்குப் பிரான்சில் 'சுகாதார இடையாளர்' என்று பதவி உண்டு. 2016 ஜனவரிச் சட்டம் அதை அங்கீகரித்தது. பக்கத்து நகரான சான் தெனியில், ஃபிரான் முவாசான் குடியிருப்பில் 2011இல் தொடங்கிய 'லா பிளாஸ் சாந்தே' நிலையத்தில் வைத்தியர்களும் இடையாளர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்க விரும்பும் நிலையங்களுக்கு ஒபர்வில்லியேயிலிருந்து அது தூரமும் இல்லை.

கூடப் போவதன் பெறுமதியைத் தமிழ்நாடு வெகுமுன்பே கண்டுகொண்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1993இல் சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தில் ஆலோசனை என்பது மருந்துக்கு முன்னும் பின்னும் வரும் சடங்காக இருக்கவில்லை. குடும்பத்தையே உட்காரவைத்துக் கதைத்தார்கள், தொற்று உள்ளவர்களுக்குள் திருமணமும் பேசி முடித்தார்கள். 2004 ஏப்ரலில் இந்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்று தாம்பரம் சானடோரியம். பரிசோதனை செய்யும் இடங்களுக்குத் தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர். ஒவ்வொரு மையத்திலும் சம்பளத்துக்கு ஒரு ஆலோசகர். பணக்கார நாடான பிரான்சில் பல சிறு நிலையங்கள் இந்த ஒரு வேலையைத்தான் தொண்டர்களின் தலையில் கட்டிவிடுகின்றன. தொண்டர் மூன்று மாதத்தில் களைத்துப்போவார். நிலையத்திடம் ஒரு சம்பளத்துக்கு மட்டுமே காசு இருந்தால், அதைக் கூடப் போகும் இந்த ஆளுக்கே கொடுக்க வேண்டும்.

அந்த ட்ராம் போய்ச் சேரும் அவிசென் ஆஸ்பத்திரி, 1935இல் பாரிசில் இருந்த முஸ்லிம் தொழிலாளர்களுக்கென்று கட்டப்பட்டது. 1978இல்தான் இப்போதைய பெயரை எடுத்தது. வேறு மொழி பேசும் நோயாளியைக் கண்டு அங்கே யாரும் திகைப்பதில்லை.

காகிதம்

எச்.ஐ.வி. என்று தெரிந்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எச்.ஐ.வி. இருந்தால் உடனே விசா கொடுப்பார்கள் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய். நோய் காரணமாக வதிவிட அனுமதி கேட்கலாம். 2017 முதல் ஒஃபி என்ற அமைப்பின் வைத்தியர்கள் கோப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். விசா கொடுக்கும் அரச அலுவலகமான பிரெபெக்தூருக்கு அந்தக் கருத்து மட்டுமே போகும், நோயின் பெயர் போகாது. முடிவு என்ன வரும் என்று எந்த வைத்தியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சிகிச்சைக்கு விசா வேண்டியதில்லை. அனுமதியின்றி மூன்று மாதத்துக்கு மேல் வாழ்பவர், வருமானம் குறைவாக இருந்தால், அரச மருத்துவ உதவியான ஆ.எம்.ஏ.க்கு விண்ணப்பிக்கலாம். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மருந்து அறுபடுவது பெரும்பாலும் இந்தப் புதுப்பிக்கும் மாதத்தில்தான். அகதி விண்ணப்பம் போட்டவருக்குக் காப்புறுதி கிடைக்க 2020 முதல் மூன்று மாதக் காத்திருப்பு இருக்கிறது. எதுவும் இல்லாதவரை ஆஸ்பத்திரியின் 'பாஸ்' பிரிவு பார்க்கும். அவசர சிகிச்சை என்ற வகைக்குள், பரவக்கூடிய நோயைத் தடுக்கும் சிகிச்சையும் அடங்கும், எச்.ஐ.வி.யும் அதில் வருகிறது. இடையாளரின் கொப்பியில் ஒவ்வொரு நோயாளியின் காப்புறுதி முடியும் திகதியும் இருக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம் முன்பே இடையாளர் நோயாளிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

குளிசையும் மற்றக் குளிசைகளும்

இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு குளிசை போதும். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவில் மற்றவருக்குத் தொற்றாது. இதை நிறுவிய ஆய்வுகளில் முதன்மையானது 2011இல் வெளிவந்தது: ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள், தொற்று 96 வீதம் குறைந்தது. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் அந்த ஆய்வின் தளங்களில் ஒன்று. "சென்னையில எங்கட சனத்திலையே பாத்தது" என்று சொன்னால் நோயாளியின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

தமிழ் நோயாளியிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சலரோகத்துக்கு என்ன குடிக்கிறீர்கள்? பரவலாகக் கொடுக்கப்படும் எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர், சலரோக மருந்தான மெட்ஃபோர்மினின் அளவை இரத்தத்தில் ஏறத்தாழ 80 வீதம் கூட்டிவிடும். சேர்த்து எடுக்கும்போது மெட்ஃபோர்மினை நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைப்பதே வழக்கம். சலரோகத்துக்கு லாச்சப்பல் வைத்தியர், எச்.ஐ.வி.க்குப் பொபினி, ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியக் கூடாது என்று இரண்டு மருந்துக் கடையில் மருந்து வாங்குகிறவர்தான் இதில் மாட்டிக்கொள்வார். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் டொலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எச்.ஐ.வி. மருந்தை அவற்றுக்கு இரண்டு மணி முன்னோ ஆறு மணி பின்னோ எடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம்.

நேரம் குறிக்கும்போதும் ஆளின் வேலையைப் பார்க்க வேண்டும். உணவகக் குசினியில் நிற்பவர் மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்கு வெளியே வருவார். ஆறு மணிக்கு மறுபடி உள்ளே. நிலையம் அந்த மூன்று மணித்தியாலத்தில் திறந்திருக்க வேண்டும். காலை ஒன்பது மணி, இரவு ஒரு மணிக்கு வேலை முடித்துப் படுத்தவருக்கு நடுச்சாமம்.

தென்னாபிரிக்காவின் கயெலிட்ஷாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் 2007இல் தொடங்கிய மருந்துக் குழுக்களைப் பல கைந்நூல்கள் பரிந்துரைக்கின்றன. முப்பது பேர்வரை ஒன்றாகக் கூடி மருந்து வாங்கிப் போவார்கள். அங்கே அருமையாக ஓடியது. ஒபர்வில்லியே தமிழர்களுக்கு அது சரிவராது. முப்பது தமிழர் ஒரு அறையில் கூடினால் இரகசியம் ஏது? 1998இல் சென்னையில் தொற்றுள்ள பெண்கள் தாங்களே தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் போல ஒருவருக்கு ஒருவர் துணை என்பது பொருந்தலாம். தொலைபேசியில், வேண்டுமானால் வேறு நகரத்தில் வாழும் ஒருவரோடு.

நிலையம் தன் வேலையை அளக்க ஐந்து எண்கள் போதும். எத்தனை பேரிடம் பரிசோதனை பற்றிக் கேட்டது, எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று, அவர்களில் எத்தனை பேர் இரண்டு கிழமைக்குள் ஆஸ்பத்திரி வைத்தியரைக் கண்டார்கள், ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு வைரஸ் அடங்கியது. காசு கொடுப்பவர்கள் இரண்டாவது எண்ணைத்தான் விரும்பிக் கேட்பார்கள், அது பெரிதாக இருக்கும். நிலையத்தின் மாதக் கூட்டத்தில் நாலாவதை முதலில் வாசிக்க வேண்டும்.

கடைசியாக ஓகஸ்ட். பாரிஸ் வைத்தியர்கள் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற தமிழர் ஒரு மாதம், இரண்டு மாதம் நிற்பார். மாத இறுதியில் பஜோல் வீதி மாணிக்க விநாயகர் தேருக்கு லாச்சப்பல் நிரம்பி வழியும். சீனியும் பிரஷரும் பார்க்க மேசை போடுவதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. மருந்துக் கடை வழக்கமாக ஒரு மாத மருந்துதான் தரும். கூடுதலாக வேண்டுமென்றால் வெளிநாடு போகிறார் என்று வைத்தியர் 'ஒர்தொனான்ஸ்' எனப்படும் மருந்துத் துண்டில் எழுத வேண்டும், காப்புறுதி அலுவலகத்தின் அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இடையாளர் ஒவ்வொரு நோயாளியிடமும் ஜூன் முதல் கிழமையிலேயே கேட்டுவிடுவது நல்லது: இந்த முறை ஊருக்குப் போறீங்களோ, எத்தனை நாள், குளிசையைக் கைப்பையில் கொண்டுபோறீங்களோ பெட்டியிலோ?